எழுபத்தைந்து கிலோவுக்கு வைத்த பிரேக்

முத்துச்செல்வி ஒரு ஷிப்டில் இருநூற்றுப் பத்து கார் ஓட்டுவாள். ஒவ்வொன்றையும் நாற்பதடி தூரம். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், கார் முழுசாக உருவாகி லைனை விட்டு இறங்கும் இடத்தில், தரையில் உருளைகள் பதித்திருக்கிறார்கள். புதுக் காரை அதன்மேல் ஏற்றி, சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக்கை மிதிக்க வேண்டும். இடது சக்கரம் எவ்வளவு பிடித்தது, வலது சக்கரம் எவ்வளவு பிடித்தது என்று எதிரே திரையில் எண் வரும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை. பதினான்கு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. "ஒரு பாயிண்டுதானே செல்வி, விட்டுடேன்" என்று கெஞ்சிய சூப்பர்வைசர்கள் நான்கு பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அந்த ஒரு பாயிண்டை அவள் யாருக்கும் விட்டதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் ஒரு பையோடு வந்து இறங்கி, ஸ்ரீபெரும்புதூரில் எட்டுப் பேர் இருந்த அறையில் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்தாள். அறைக்கு ஒரே வாளி. வந்த மறுநாளே சுவரில் அட்டவணை ஒட்டி, அந்த வாளிக்கு மூன்று ஷிப்ட் போட்டவள் அவள். தலைக்குக் குளிக்கிற நாளில் ஓ.டி.யும் உண்டு.

கல்யாணம் நடந்ததும் பிரேக்கால்தான். வெங்கடேசன் அப்போது அவர்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் நிற்கும்போதெல்லாம் ஒரு மயிரிழை வலப்பக்கம் இழுக்கிறது என்று முதல் நாளே சொன்னாள். அவன் சிரித்தான். மூன்று மாசம், தினம் இரண்டு தடவை சொன்னாள். நான்காவது மாசம் அவன் பஸ்ஸை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினான். அதே வாரம் தன் அம்மாவைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினான். இன்றைக்கும் அவன் வைக்கும் சாம்பாரில் உப்பு கூடினால், தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். "இன்னாடி இது, வூட்ல கூடவா?" என்பான். ஆனால் மறுபடி கொதிக்கவைப்பான்.

இந்த முத்துச்செல்விதான் போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குக் காது குத்திய வகையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வாலாஜாபாத் சாலைக்குப் போனாள்.

பாத்திரக் கடை வரதராஜுலுவுடையது. அறுபத்து நான்கு வயசு, வெள்ளை மீசை, கம்பீரமான வயிறு. கடையை உண்மையில் நடத்துவது அவர் மனைவி காமாட்சியம்மாள். மண்டபங்களுக்குப் பாத்திரம் கொண்டுபோகும் டெம்போ டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வருஷம், லைசென்ஸ் எடுத்து டெம்போவைத் தானே ஓட்டியவர். வரதராஜுலுவின் பொறுப்பில் இருந்தது ஒன்றே ஒன்று. பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற பச்சை நிறக் குட்டிக் கார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் கப்பலில் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் எழுந்துகொள்ளும். மொத்த எடையே நானூற்றைம்பது கிலோ. பெரிய சமையல் ஆர்டருக்குப் போகும் பாத்திரங்கள் அதைவிடக் கனம்.

முத்துச்செல்வி ரோட்டோரம் அண்டாவை இறக்கியபோது அந்தக் கார் வந்துகொண்டிருந்தது. கடை வாசலில் நிறுத்த வரதராஜுலு பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் வாசலில் இல்லை. இடப்பக்கம் நாலடி தாவி, பக்கத்தில் இளநீர் விற்கும் தங்கமாரியின் குவியலுக்குள் போய் நின்றது. இளநீர்கள் எட்டுத் திசையும் ஓடின. அதில் ஒன்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்வரை உருண்டு போய், தாம்பரம் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

"யோவ் பெரிசு! கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று தங்கமாரி அரிவாளோடு எழுந்தாள்.

"நான் நேராத்தாம்மா வந்தேன். வண்டிதான் இந்தாண்ட வந்துச்சு."

"அப்ப வண்டியையே எறங்கி வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

கடைப்படியில் நின்ற காமாட்சியம்மாள் கத்தவில்லை. "இத்தோட மூணாவது தடவ," என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை சங்கத்துக்காரங்க சோதனை வெக்கிறாங்க இல்ல? அதுல பாஸானா வண்டி நம்ம வூட்ல இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை ஓட்டல்காரரு கிரேன் எடுத்துகினு வருவாரு. நான் வாக்கு குடுத்துட்டேன்."

நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு சைவ ஓட்டல் திறந்திருந்தார்கள். வாசலில் அழகுக்கு நிறுத்த ஒரு பழைய கார் தேவைப்பட்டது. இன்ஜினைக் கழற்றிவிட்டு அங்கே மணி பிளாண்டும், சீட்டில் செவ்வந்தித் தொட்டிகளும், கூரையில் 'இன்றைய ஸ்பெஷல்' பலகையும் வைப்பதாகத் திட்டம். வரதராஜுலுவின் அப்பா ஓட்டிய கார் அது. தலையில் இட்லிப் பலகையோடு அது நிற்பதை அவரால் பார்க்க முடியாது.

சோதனை வேறு ஒன்றுமில்லை. பழைய கார் சங்கம் காஞ்சிபுரம்வரை ஊர்வலம் போகிறது. அதற்கு முன், ஒரகடத்தில் ஒரு சர்வீஸ் ரோட்டில் கபடி மைதானம்போலச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறுக்குக் கோட்டில் பிரேக் மிதிக்க வேண்டும். வண்டி பக்கவாட்டுக் கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

முத்துச்செல்வி அதற்குள் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இதுக்குக் கடைசியா பிரேக் வச்சது யாரு?"

"எங்க அண்ணன் பையன் அஸ்வின். சர்வீஸ் சென்டர்ல கீறான். மெஷின்ல தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்துல தொங்க வெச்சி, ஒரு நூல் பிசகாம அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தான்மா."

"அந்தரத்துல ஓட்டுறதா இருந்தா சரிதான்," என்றாள் முத்துச்செல்வி.

அவள் விளக்கியது இது. இந்தக் காரில் பிரேக் ஆயில் கிடையாது. சைக்கிள் பிரேக்போல, முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள். பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், இழுத்தால் டிரம்முக்குள் ஷூ விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். கேபிளின் அளவு மாறிப்போகும். தரையில் இறக்கி ஆள் ஏறி உட்கார்ந்தால் மறுபடி மாறும். டிரைவர் உட்கார்வது வலப்பக்கம். அந்தப் பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்துக் கேபிள் தொய்ந்துவிடும். வலது சக்கரம் சும்மா இருக்க, இடது சக்கரம் மட்டும் பிடிக்கும். அப்புறம் இளநீர்தான்.

"அதனால ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியிலதான் குடுக்கணும். வண்டி எடை ஸ்பிரிங் மேலயே இருக்கணும். டிரைவர் சீட்டுல நீங்க உக்காந்திருக்கணும். அப்படி வச்சாத்தான் நிக்கும். நான் வச்சுத் தாரேன்."

"நீயா? உனக்கு இன்னாத்துக்குமா இந்த வேலை?"

"நாலடி இழுக்குற வண்டியைப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது, அண்ணாச்சி."

போகும்போது ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். அந்த வாரம் அவளுக்கு முதல் ஷிப்ட். புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு ஸ்பானர் பையோடு வந்து நின்றாள்.

வரதராஜுலுவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். கீழே ஸ்பானர் 'டிங்' என்றதும் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "அந்த நட்டு இல்லமா, பக்கத்து நட்டு." மறுபடி ஏற்றினாள். மறுபடி 'டிங்', மறுபடி இறக்கம். ஐந்தாவது தடவை முத்துச்செல்வி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க இருக்குற லட்சணத்துக்கு அரிசி மூட்டையை வச்சே பாத்துக்கிடுதேன். உங்க எடை எத்தனை?"

வரதராஜுலு மனைவியைப் பார்த்தார். காமாட்சியம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சு," என்றார் வரதராஜுலு.

இந்த எழுபத்தைந்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் அவரை எழுபத்தைந்துக்கு இறங்கச் சொன்னார். காமாட்சியம்மாள் காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் இரண்டு சப்பாத்தி என்று சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு எடை மெஷினில் ஏற்றி, வந்த எண்ணைக் காலண்டரில் எழுதினார். எண் வாரா வாரம் இறங்கி எழுபத்தைந்தில் நின்றது. இறங்கியது வரதராஜுலு அல்ல. மெஷினின் பின்பக்கம், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் அதைக் கொஞ்சம் திருகிவைத்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவருக்காகத் தனியாக ஒரு ஈடு போண்டா வெந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அவரை நம்பி ஒரு பெரிய வாணலியே வாங்கிப்போட்டிருந்தார்.

முத்துச்செல்விக்கு இதெல்லாம் தெரியாது. சமையல் ஆர்டருக்கு வைத்திருந்ததில் மூன்று மூட்டை எடுத்தாள். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ, கணக்கு சரி. டிரைவர் சீட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாமல் இருக்கத் துண்டால் கட்டினாள். அந்த வழியாகக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர், மாலை வெயிலில் கண் கூச, மூட்டையின் மடியில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வரதராஜுலு முன்புபோல் தொணதொணக்காமல் ரொம்பக் கண்ணியமாக மாறிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவள் முதலில் கேபிள் இரண்டையும் தளர்த்தினாள். டிரம்முக்குள் ஷூவை, சக்கரம் சிக்கும்வரை விரித்து, பிறகு லேசாகச் சுற்றுகிற அளவுக்குப் பின்வாங்கினாள். பெடல் பாதி அழுந்தியபடி நிற்க, அதற்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடது சக்கரத்தைக் கையால் சுற்றினாள். எழுந்து வந்து வலது சக்கரத்தைச் சுற்றினாள். எது இறுக்கமோ அதன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். மறுபடி அது, மறுபடி இது. மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். சனிக்கிழமை மதியம் இரண்டு சக்கரமும் கைக்கு ஒரே மாதிரி கனத்தன.

"ஓட்டிப் பாக்கட்டா?" என்று மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு ஏறினாள். அவள் ஐம்பத்தொன்று, மூட்டை இருபத்தைந்து. கூடுதலாக வந்த ஒரு கிலோவை மன்னித்தாள். சாலையில் போய்த் திரும்பி வந்து பிரேக்கை மிதித்தாள். நூல் பிடித்ததுபோல் நின்றது. தங்கமாரி இளநீர்க் குவியலுக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சை எடுத்துவிட்டாள்.

பிறகு வரதராஜுலு ஏறினார். போனார், வந்தார், மிதித்தார். வண்டி ஓரடி இடப்பக்கம் போய் நின்றது. தங்கமாரி பெஞ்சை மறுபடி போட்டாள்.

"ரோடு சாஞ்சிகினு கீதுமா. அதான்," என்றார் வரதராஜுலு.

"அப்படியா? அதே பாதில எதிர்த்திசையில இருந்து வாங்க. சாய்வா இருந்தா இப்ப வலப்பக்கம் போகும்."

வந்தார். அப்போதும் இடப்பக்கம்தான், மேட்டைப் பார்த்து ஏறியது.

முத்துச்செல்வி கணக்குப் போட்டாள். வண்டி அதே, சாலை அதே, பிரேக் அதே. மாறியது என்ன? அவரை உள்ளேயே உட்காரச் சொல்லி, வலது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தாள். நாலு விரல். இறங்கச் சொல்லி மூன்று மூட்டையை வைத்தாள். ஐந்து விரல். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நாலாவது மூட்டையை வைத்தாள். நாலு விரல், ஒரு நூல்தான் வித்தியாசம்.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "நீங்க தொண்ணூத்தெட்டு."

வரதராஜுலு அவள் வாயைப் பொத்தாத குறை. "ஐயோ, மெல்லமா! உள்ள கீறா!" என்று கிசுகிசுத்துவிட்டு, எடை மெஷின், திருகு, போண்டா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். "இப்ப இன்னா ஆயிடுச்சி? நான் ஆடாம அசையாம உக்காந்துக்கிறேன். தொண்ணூத்தெட்டுக்கே வெச்சிடு."

"வச்சிருவேன். அரை மணி நேர வேலை. ஆனா பாரத்துல தொண்ணூத்தெட்டுன்னுதான் எழுதுவேன்."

சங்கத்துப் பாரத்தை அவர் மறந்திருந்தார். 'பிரேக் எத்தனை கிலோ எடையுள்ள ஓட்டுநருக்கு அமைக்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி உண்டு. பிரேக் வைத்தவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சங்கச் செயலாளர் இராமச்சந்திரன் ஒவ்வொரு காராக வரும்போது அந்தப் பாரத்தை மைக்கில் முழுசாக வாசிப்பார். பெயர், வருஷம், எடை, எல்லாம்.

"எழுபத்தஞ்சுன்னு போட்டா இன்னாமா? யாரு தராசு எடுத்துகினு வரப் போறா?"

"பதினாலு வருஷமா ஒரு பொய் எண்ணுல நான் கையெழுத்துப் போட்டதில்ல. ஒண்ணு, தொண்ணூத்தெட்டுக்கு வச்சு தொண்ணூத்தெட்டுன்னு எழுதுவேன். இல்ல, எழுபத்தஞ்சுலயே விட்டு எழுபத்தஞ்சுன்னு எழுதுவேன். யோசிச்சு நாளைக்குக் காலைல சொல்லுங்க."

ஞாயிறு காலை ஒரகடம் சர்வீஸ் ரோட்டில் முப்பது கார்கள் வரிசையில் நின்றன. வெங்கடேசன் முத்துச்செல்வியைக் கொண்டுவந்து இறக்கினான். ஓட்டல்காரரும் வந்திருந்தார், கையில் இஞ்ச் டேப். பச்சைக் காரின் கூரையை அளந்துவிட்டு, பலகைக்கு இடம் போதும் என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். காமாட்சியம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மைக்கில் இராமச்சந்திரனின் குரல் வாலாஜாபாத்வரை கேட்டது.

"என்ன எழுதட்டும், அண்ணாச்சி?"

வரதராஜுலு இஞ்ச் டேப்பைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக் காலண்டர் வெள்ளிக்கிழமைகள் நூற்றுச் சொச்சமும் அவர் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

"எழுபத்தஞ்சுன்னே போட்டுடு," என்றார்.

முத்துச்செல்வி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அடுத்த வரியில் பேனாவை வைத்தாள்.

"ஓட்டுறது யாரு?"

"இன்னாமா கேள்வி இது? நான்தான்."

"பிரேக் எழுபத்தஞ்சுக்கு வச்சிருக்கு. எழுபத்தஞ்சு கிலோ ஆளு ஓட்டுனா பாஸாகும்."

"நான் எழுபத்திநாலு," என்றார் காமாட்சியம்மாள்.

வரதராஜுலு திரும்பிப் பார்த்தார். காமாட்சியம்மாள் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். "என் எடைய நான் மண்டபத்துத் தராசுலதான் போட்டுக்குவேன். வூட்டு மெஷின் சரியில்ல. இன்னாங்க, சாவியக் குடுங்க."

ஓட்டல்காரர் டேப்பைச் சுருட்டினார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. வாயைத் திறந்தால் கார் அவர் கையில் இருக்கும், ஆனால் எடை மைக்கில் ஏறும். வாயை மூடினால் கார் வீட்டில் இருக்கும், ஆனால் மனைவி கையில் இருக்கும். வரதராஜுலு சாவியைக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் ஏறப் போனவரை முத்துச்செல்வி தோளைத் தொட்டு நிறுத்தினாள். "நீங்க ஏறுனா இடப்பக்கம் தாழ்ந்துரும், அண்ணாச்சி."

காமாட்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டெம்போ ஓட்டுகிற கையால் கியரைப் போட்டார். கார் முப்பதில் வந்தது. குறுக்குக் கோட்டில் பிரேக் விழுந்தது. முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தன. சுண்ணாம்புத் தூள்கூடக் கலையவில்லை. இராமச்சந்திரன் குனிந்து இரண்டு பக்கமும் அளந்துவிட்டு, இடது ஒன்பது அங்குலம், வலது ஒன்பது அங்குலம் என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் வரதராஜுலு. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர்தான். ஓட்டல்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார். இப்போது அந்த வாசலில் ஒரு மாட்டு வண்டி செவ்வந்தி சுமந்து நிற்கிறது.

ஊர்வலம் காஞ்சிபுரம் போனது. பச்சைக் காரில் காமாட்சியம்மாள் வழியெல்லாம் கையசைத்தபடி போனார். வரதராஜுலு வெங்கடேசன் ஓட்டிய வேனில் பின்னால் வந்தார். முத்துச்செல்வியும் அதே வேனில்தான்.

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் அவள் காமாட்சியம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமைன்னா எழுபத்தஞ்சு. ஆனா பெல்ட்டு மட்டும் மாசத்துக்கு ஒரு ஓட்ட தள்ளிப் போவுது. நீ இன்னா நினைக்கிற?"

மறுநாளே வரதராஜுலு ஆள் அனுப்பினார்: கேபிளைத் தொண்ணூற்றெட்டுக்கு மாற்றித் தர வேண்டும், கடையில் இருக்கிற எந்த அண்டா வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முத்துச்செல்வி வரவில்லை, பதில்தான் வந்தது. "அந்தக் கேபிளுக்குப் பச்சை அட்டை போட்டாச்சு. இனிமே அதை நான் தொட மாட்டேன். ஆளை அட்ஜஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவர் நடக்கிறார். காலை ஐந்தரைக்கு வாலாஜாபாத் சாலையில் தொழிற்சாலை பஸ்கள் அவரைத் தாண்டிப் போகும்; உள்ளே இருக்கிற பிள்ளைகள் கையாட்டுவார்கள். நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதில்லை. மாஸ்டர் அந்தப் பெரிய வாணலியை விற்றுவிட்டார். வீட்டு மெஷினை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எடை பார்ப்பது காரில்தான். மாசம் ஒரு ஞாயிறு முத்துச்செல்வி வருவாள், அவர் டிரைவர் சீட்டில் மூச்சைப் பிடித்து உட்காருவார், அவள் மட்கார்டுக்கு அடியில் விரலை வைப்பாள்.

"மூச்சை விடுங்க. அதுக்கு எடை கிடையாது," என்றாள் போன தடவை.

"எவ்ளோமா?"

"இன்னும் அரை விரல்."

"அரை விரல்னா எத்தினி மாசம்?"

"அது உங்க கையில இல்ல, வாயில இருக்கு."

காமாட்சியம்மாள் கோயிலுக்குக் கிளம்பி வாசலில் வந்து நின்றார். வரதராஜுலு இறங்கினார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் எழும்பியது. காமாட்சியம்மாள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க நடந்து வாங்க," என்றார். "பொறுமையா வாங்க. நான் இடம் பிடிச்சி வெக்கிறேன்."